டிக்கி மூடியில் ஒரு பெருவிரல்

பிளாக்டவுன் ஸ்டேஷனுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தேன். நடைபாதை இல்லாத வீதி அது. புல்லோரமாகத்தான் போக வேண்டும். முதுகில் கராஜின் பெயர் அச்சிட்ட சட்டையைக் கழற்றி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தேன். பின்னால், கார்க் கண்காட்சி நடந்த மைதானத்தில், பரிசு பெற்ற கார்களின் இலக்கங்களை ஒலிபெருக்கி வாசித்துக்கொண்டிருந்தது. எங்களுடையது முப்பத்தொன்று. அதை வாசிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும், சத்தம் கேட்காத தூரத்துக்குப் போகும்வரை, ஒவ்வோர் இலக்கத்துக்கும் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் நடந்தேன். முப்பத்தொன்று இல்லை என்று உறுதியானதும் அடுத்த பத்தடி வைப்பேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் உடுக்க ஒரு சாரம், ஒரு டூத் பிரஷ், பெயின்ட் அடிக்கும்போது போடும் மூச்சுக்கவசம். மற்றச் சாமானெல்லாம் மெல்பேர்னில், நோபல் பார்க்கில் நான் இருந்த அறையில் கிடந்தன. அவற்றை எடுக்க நான் திரும்பிப் போகவில்லை. அதற்காக யாரும் இரக்கப்பட வேண்டாம். அதைவிடக் குறைந்த சாமானோடும் நான் ஊர்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

எண்பத்து மூன்றின் கடைசியில் மெல்பேர்னுக்கு வந்தவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு கப்பலில் கொஞ்சக் காலம், வளைகுடாவில் கொஞ்சக் காலம். மெல்பேர்னில் இரண்டாம் மாதமே ஒரு கார்த் தொழிற்சாலையில் பெயின்ட் பகுதியில் வேலை கிடைத்தது. கண்ணாடியும் கதிரையும் இல்லாத வெறும் கார் உடல்கள் வரிசையாக நகர்ந்து வரும். கிரேக்கர்களும் இத்தாலியர்களும் வியட்நாம்காரர்களும் நானும் இரண்டு பக்கமும் நின்று ஸ்ப்ரே கன்னால் அடிப்போம். அடித்த உடல் ஒரு நீண்ட சூட்டறைக்குள் போய், வெந்து, மறுபக்கத்தால் வெளியே வரும். நான் நாலு வருடம் இடப்பக்கக் கதவுகளுக்கும் டிக்கிக்கும் அடித்தேன். பிறகு அது அலுத்துப்போய் மில்டூராவில் திராட்சை பறித்தேன், டார்வினில் இறால் படகில் ஏறினேன், சிட்னியில் ஆஸ்பத்திரித் துணி வெளுத்தேன். எதிலும் நிலைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மறுபடியும் மெல்பேர்னுக்கு வந்தபோது, டாண்டினோங்கில் ஒரு கராஜில் பெயின்ட் அடிக்க ஆள் தேடினார்கள்.

அது பழைய கார்களைப் புதுப்பிக்கும் கராஜ். சாதாரணப் பழைய கார்கள் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த, பெரிய வி-எயிட் எஞ்சின் வைத்த, மஸில் கார் என்று சொல்லும் வகை. நான் வேலை செய்த அதே தொழிற்சாலையில், எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் செய்தவை. நான் உள்ளே இருந்தபோதும் அதே கூடம், அதே கன், அதே சூட்டறைதான். எதையும் அவர்கள் மாற்றியிருக்கவில்லை.

இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்குக் கார் புதிதாக மின்னினால் போதாது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அன்று எப்படி இருந்தது? மோசமாக இருந்தது. கதவின் கீழ்ப்பாதியில், நாங்கள் குனிந்து அவசரமாக அடிக்கும் இடத்தில், பெயின்ட் தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாகத் திரண்டிருக்கும். கூரையில் அவ்வளவு இராது. டிக்கியின் உள்மூலையில் பெயின்ட் வழிந்து கண்ணீர்த்துளி மாதிரி நிற்கும். அடிப்பாகத்தில் தூவானம் மட்டும் பட்டு, கீழே உள்ள சாம்பல் நிறம் தெரியும். கண்காட்சிகளில் நடுவர்கள் டார்ச் லைட்டும், தடியில் கட்டிய கண்ணாடியுமாக வந்து இதையெல்லாம் தேடுவார்கள். டிக்கி மூலையில் வழிசல் இல்லாவிட்டால் புள்ளி குறைப்பார்கள். ஆகவே, நன்றாக அடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய இருந்தும், சரியான இடத்தில் சரியான அளவுக்கு மோசமாக அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கராஜ் முதலாளி மலேசியத் தமிழர். படிக்க வந்து, இன்ஜினியராகி, பிறகு கார்ப் பைத்தியத்தில் அந்த உத்தியோகத்தை விட்டவர். அவரை நான் அண்ணை என்பேன். என்னை அவர் தம்பி என்பார். தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஒரு கொப்பியோடு வந்து எதிரே உட்காருவார்.

"சொல்லு தம்பி, மேல இருந்து கீழயா, கீழ இருந்து மேலயா?"

"நான் மேலயிருந்து கீழ. எனக்கு எதிர்ப்பக்கம் நிண்டவன் இடக்கைக்காரன். அவன் தலைகீழ்."

"ஐயோ, இது யாருக்கும் தெரியாது லா!"

ஆறு வருடம் இப்படி. என் வாயிலிருந்து வந்ததை அவர் நல்ல ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு கார்ச் சங்கங்கள் அவரைப் பேசக் கூப்பிட்டன. படங்களைத் திரையில் போடும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போவேன். என்னுடைய பகிடிகளைக்கூட அவர் தன்னுடையதாகச் சொல்வார். ஒரு கார்ச் சஞ்சிகையில் அவர் படம் வந்தது. பக்கத்தில் கன் பிடித்த ஒரு கை, முழங்கைவரை மட்டும். அது என் கை. அப்போதெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. பேசத் தெரிந்தவர் பேசுகிறார் என்று விட்டுவிட்டேன்.

கோபம் வந்தது ஒரு சனிக்கிழமை. சிட்னிச் சங்கத்திலிருந்து நாலு பேர் கராஜுக்கு வந்திருந்தார்கள். முதலாளி தனக்கென்றே ஒரு காரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். கடுகு மஞ்சள் நிறம். சிட்னியில் நடக்கப்போகும் பெரிய கண்காட்சிக்கு. உள்ளும் வெளியும் நான்தான் அடித்தது. வந்தவர்களில் ஒருவர் டிக்கிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, இதை யார் அடித்தது என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாயைத் திறக்கப் போனேன்.

"இங்கேதான் அடித்தோம்" என்றார் முதலாளி ஆங்கிலத்தில். பிறகு என்னைக் காட்டி, "இவர் எங்கள் ஹெல்பர். பேப்பர் ஒட்டுவது, கழுவுவது எல்லாம் இவர்தான்" என்றார்.

அந்த மனிதர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு நான் கேட்டேன். கண்காட்சியில் ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஒரு பலகை வைப்பார்கள். காரின் கதை, செய்த வேலை எல்லாம் அதில் எழுதியிருக்கும்.

"அண்ணை, போர்ட்டில ஒரு வரி போட்டு விடுங்கோ. பெயின்ட் அடிச்சது நான் எண்டு. முந்தி ஃபாக்டரியில நிண்டனான் எண்டும் போடலாம்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அதுதான் இன்னும் சுட்டது.

"தம்பி, அது டெக்னிகல் போர்டு லா. உங்கிட்ட ட்ரேட் சர்டிபிகேட் இருக்கா? ஒரு பேப்பர் இருக்கா? நாளைக்கு எவனாச்சும் கேட்டா நான் என்னா சொல்றது, ஒம்பதாம் கிளாஸ்னா?"

"ஓம், அதைச் சொல்லுங்கோவன்."

"சும்மா இரு தம்பி. ஜெயிச்சா உனக்கும்தானே பேரு."

எனக்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. போய் கன்னைக் கழுவினேன். கழுவிக்கொண்டே யோசித்தேன். காரைக் கீறிவிட்டுப் போகலாம். அது குடிகாரன் வேலை. அடித்த பெயின்டைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. அது என்னுடையது. அவரிடம் என்னுடையதல்லாத ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எல்லாம் தெரிந்தவர் என்ற பெயர். கை வைப்பதானால் அதில்தான் வைக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுத்தேன்.

ஒரு நாள் தேத்தண்ணி நேரம், அவர் கொப்பியோடு உட்கார்ந்தபோது சொன்னேன்.

"அண்ணை, ஒரு விசயம் மறந்தே போனன். சூட்டறையால கார் வெளிய வரேக்க ஒரு இன்ஸ்பெக்டர் நிற்பார். டிக்கி மூடியைத் திறந்து, உள்பக்கம் பூட்டுக்குப் பக்கத்தில பெருவிரலால ஒருக்கா அமத்துவார். பெயின்ட் காய்ஞ்சிட்டுதோ எண்டு பார்க்க. அந்த அடையாளம் அப்பிடியே நிற்கும்."

அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். "எல்லா கார்லயுமா?"

"எல்லாத்திலயும் இல்லை. வெள்ளிக்கிழமை செய்த கார்களில கூடுதலா இருக்கும்."

அந்த வெள்ளிக்கிழமை நானே எதிர்பாராமல் வாயில் வந்தது. அதைக் கேட்டதும் அவர் முழுவதுமாக நம்பிவிட்டார்.

"இத ஏன்டா ஆறு வருஷமா சொல்லல? எந்தப் புத்தகத்துலயும் இல்ல லா இது!"

இருக்காதுதான். சூட்டறையிலிருந்து வரும் இரும்பில் யாரும் பெருவிரல் வைக்க மாட்டார்கள். தோல் ஒட்டிக்கொண்டு போய்விடும். அதைவிட, வெந்த பெயின்ட் பீங்கான் மாதிரி இறுகியிருக்கும். அதில் எந்த விரலும் பதியாது. அந்த வேலையில் ஒரு நாள் நின்ற எவனுக்கும் இது தெரியும். அவர் இன்ஜினியர். சூடு, உலோகம் எல்லாம் படித்தவர். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் பிடித்திருப்பார். ஆனால் இந்தப் பழைய கார்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிழை என்று எதைக் காட்டினாலும் கோயிலில் விபூதி வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள்.

டிக்கி மூடியின் உட்புறத்துக்கு மட்டும் மறுபடி அடித்தேன். அரைகுறையாகக் காய்ந்ததும் அவரைக் கூப்பிட்டேன்.

"நீங்களே வையுங்கோ, அண்ணை. உங்கட கார்."

அவர் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, பூட்டுக்குப் பக்கத்தில் தன் பெருவிரலை வைத்து அமத்தினார். எடுத்ததும் ரேகையெல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. வலது கைப் பெருவிரல். படம் எடுத்தார். பலகையில் அதற்கென்று தனியாக ஒரு பந்தி எழுதினார்.

காரை ட்ரெய்லரில் ஏற்றி, லொறியில் பூட்டி இழுத்துக்கொண்டு ஹியூம் நெடுஞ்சாலையால் சிட்னிக்குப் போனோம். வழி முழுவதும் அவர் பெருவிரல் கதையைச் சொல்லிப் பழகினார். யாஸுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி, எனக்கும் இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு மீட் பை வாங்கித் தந்தார். தக்காளி சோஸ் பக்கெட்டை உடைத்து என்னுடையதன் மேல் அவரே ஊற்றிவிட்டார். அந்த நேரம் சொல்லிவிடலாமோ என்று இருந்தது. ஒரு துணியும் பெயின்டைக் கரைக்கும் தின்னர் கொஞ்சமும் இருந்தால் அந்த விரல் அடையாளத்தைத் துடைத்துவிடலாம். பலகையில் அந்தப் பந்தியின் மேல் ஒரு தாளை ஒட்டிவிடலாம். வாயில் இருந்ததை விழுங்கினேன்.

அப்போது அவர் சொன்னார்: "அங்க யாராச்சும் உங்கிட்ட ஏதாச்சும் கேட்டா, நீ வாயத் தொறக்காத, சரியா? உன் இங்கிலீஷ கேட்டா நம்ம கராஜ் மானம் போயிரும் லா."

"சரி அண்ணை" என்றேன். தின்று முடித்து, தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு சிட்னி வரும்வரை நன்றாக நித்திரை கொண்டேன்.

மைதானத்தில் மறுநாள் மூன்று நடுவர்கள் வந்தார்கள். இரண்டு பேர் நடுத்தர வயது. மூன்றாமவர் எழுபதைத் தாண்டியவர், மெலிந்த வெள்ளைக்காரர், பனாமாத் தொப்பி. கதவுகளின் கீழ்ப்பாதியைத் தடவிப் பார்த்து அந்தக் கிழவர் சிரித்தார். வழியில் பழைய சிநேகிதனைக் கண்ட மாதிரிச் சிரிப்பு. டிக்கி மூலையில் வழிசலைக் கண்டதும் மற்ற இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். சுற்றி இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். சிட்னிச் சங்கத்து நாலு பேரும் அதில் நின்றார்கள். முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு கிழவர் பலகையைப் படித்தார். திரும்பி வந்து டிக்கி மூடியின் உட்புறத்தைப் பார்த்தார். மறுபடி போய்ப் பலகையைப் படித்தார்.

இது யாருடைய விரல் என்று கேட்டார்.

என்னுடையதுதான், இன்ஸ்பெக்டர் செய்தபடியே வைத்தேன் என்று முதலாளி பெருமையாகச் சொன்னார்.

"அந்தச் சூட்டறை வாசலில் பதினொரு வருடம் இன்ஸ்பெக்டராக நின்றவன் நான்" என்றார் கிழவர். தன் இரண்டு பெருவிரல்களையும் தூக்கிக் காட்டினார். "அப்படிச் செய்திருந்தால் இவை இரண்டும் இப்போது இங்கே இருந்திரா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முதலாளியின் காதுகள் கறுத்தன. கிழவர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவருக்கு உண்மையிலேயே அறிய வேண்டும்போல் இருந்தது. மற்றதெல்லாம் அச்சொட்டாகச் சரி, அங்கே நின்ற ஒருவன் சொல்லாமல் இப்படிச் செய்யவே முடியாது, அப்படியிருக்க இந்த முட்டாள்தனம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். முதலாளி தொழிற்சாலையின் பழைய ஆவணமொன்று என்று தொடங்கினார். எந்த ஆவணம் என்று கிழவர் கேட்டார்.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். இரண்டு வழிதான் அவருக்கு. ஒன்று, தானே மூடன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என்னைக் காட்ட வேண்டும். காட்டினால், எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

அவர் என்னைக் காட்டினார். "இவன் சொன்னது! எல்லாம் இவன் சொன்னதுதான். அந்த ஃபாக்டரியில் பெயின்ட் அடித்தவன் இவன். நான் எழுதினேன், அவ்வளவுதான்."

ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படியாக. சிட்னிச் சங்கத்தவர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹெல்பரைப் பார்த்தார்கள்.

கிழவர் என்னிடம் வந்தார். எந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்டார். இடப்பக்கம், கதவும் டிக்கியும் என்றேன். இந்தக் காரை நீயா அடித்தாய்? ஆம். அப்படியானால் சூட்டறை உனக்குத் தெரியும். தெரியும். அவரிடம் இதைச் சொன்னபோதும் தெரிந்தேதான் சொன்னாயா?

"ஆம், தெரிந்தேதான்" என்றேன். என் ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை.

கிழவர் டிக்கி மூடியை இறக்கி மூடினார். இந்த டிக்கியை அடித்த கையைக் குலுக்க வேண்டும் என்று கால் மணி நேரம் முன்னால் நினைத்ததாகச் சொன்னார். கை நீட்டவில்லை. "என்னுடைய காரை நீ தொட விடமாட்டேன். இங்கே நிற்கும் யாரும் விடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்" என்றார். அது சரிதான். அதன் பிறகு இரண்டாயிரத்து ஒன்பதுவரை நான் சிட்னியில்தான் இருந்தேன். அந்த வகைக் கார் ஒன்றைக்கூட எனக்கு யாரும் தரவில்லை. பலகையில் பொய் எழுதிய குற்றத்துக்காக முப்பத்தொன்றாம் இலக்கத்தைப் போட்டியிலிருந்தே வெட்டினார்கள்.

வாசலுக்குக் கிட்ட முதலாளி என்னைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"ஏன்டா? ஆறு வருஷம் லா! உனக்கு நான் என்னா கொற வச்சேன்?"

"அடிச்சது நான் எண்ட சொல்லைத்தான். அதை இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டீங்களே, அண்ணை."

"ஒரு வரி! ஒரு வரி போர்டுல போடலேன்னு இப்படியாடா செய்வ?"

"இப்ப ஒரு வரியில விசயம் முடியேல்லைத்தானே?"

"நன்றி கெட்ட நாயே. இனி டாண்டினோங் பக்கம் வந்துராத."

"வரமாட்டன். நீங்களும் கவனமாப் போங்கோ. ட்ரெய்லர் இழுக்கேக்க பக்கத்தில ஒராள் இல்லாட்டி உங்களுக்குக் கண் அயரும்."

உண்மையாகவே அக்கறையில் வந்த வார்த்தை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அதுவும் போய்க் குத்தியது தெரிந்தது. குத்தட்டும் என்று விட்டுவிட்டேன். லொறிக்குள் இருந்த என் பையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

ஸ்டேஷனுக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. ரயில் ஏறிப் பென்டில் ஹில்லில் இறங்கினேன். கப்பல் காலத்துச் சிநேகிதன் ஒருவன் அங்கே இருந்தான். கதவைத் திறந்ததும் என் சட்டையைத்தான் பார்த்தான்.

"என்னடா, சட்டையை மாறிப் போட்டிருக்கிறாய்? கலைச்சுப் போட்டாங்களோ?"

"நானே வந்திட்டன்."

"நீ எந்த வேலையைத்தான் நீயா விட்டிட்டு வரேல்லை? வா உள்ளுக்கு."

குசினியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மீன் வெட்டிக்கொண்டே கேட்டான். பெருவிரலில் வந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கிழவரில் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"உன்ர முதலாளி சொன்னவர்தானே, நீதான் அடிச்சதெண்டு? அதுவும் சனத்துக்கு முன்னால."

"ஓம்."

"ஆனா உன்னைப் பொய்யன் எண்டும் சேர்த்தெல்லோ சொல்லியிருக்கினம். இனி ஆரடா உனக்குக் கன் தருவான்?"

"தர வேண்டாம்."

"திரும்பவும் செய்வியோ?"

"ஓம், செய்வன்."

"விசரன்" என்றான். "குழம்பு கொதிக்குது, போய் முகத்தைக் கழுவு. விடிய என்னோட வா. எங்கட யார்ட்டில ஆள் தேவை."

அவனுடைய யார்ட், வீடு இடிக்கும் இடங்களில் குப்பை போட வைக்கும் பெரிய இரும்புத் தொட்டிகளை வாடகைக்கு விடும் இடம். பிளாக்டவுனில்தான், ரயில் பாதைக்குப் பின்னால். காலை ஏழு மணிக்கு லெபனான்கார ஃபோர்மன் ஒருவன் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். தொட்டிகளில் துருவைச் சுரண்டி, பச்சை பெயின்ட் அடித்து, இலக்கம் போட வேண்டும். பெயின்ட் அடித்துப் பழக்கமா என்று கேட்டான்.

"இல்லை" என்றேன்.

சிநேகிதன் பக்கத்தில் நின்று எங்கேயோ பார்த்தான். ஃபோர்மன் எனக்கு ஒரு சுரண்டியும் கையுறையும் தந்து, ரோலரை எப்படி உருட்டுவது என்று பொறுமையாகக் காட்டித் தந்தான். நான் தலையாட்டிக் கேட்டேன். பிறகு முதல் தொட்டிக்குள் இறங்கினேன். உள்ளே சீமெந்தும் ஓட்டுத் துண்டும் காய்ந்து பிடித்திருந்தன. மெல்பேர்னுக்குக் காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாக முதலாளி முன்பே சொல்லியிருந்தார். சுரண்டிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். இப்போது கோல்பர்ன் பக்கம் போய்க்கொண்டிருப்பார். முன்னால் இன்னும் ஏழு மணித்தியாலப் பாதை, பேச ஆளில்லை, கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் கார் பின்னால் வந்துகொண்டே இருக்கும். மத்தியானம் ஆகும்போது எனக்குக் கை நன்றாக வலித்தது. இரண்டாவது தொட்டிக்குள் இறங்கினேன்.